தூக்கம் குறையும்போதே கவனிப்போம்

 

வீட்டுக்குள்ளேயே மறைத்து வைக்கப்படும் ஒரு நோயைப் பற்றி இன்று பேசுகிறோம். அது இருதுருவ மனநோய். டாக்டர்கள் பைபோலார் என்பார்கள். சில காலம் மனம் அளவுமீறிப் பொங்கும், சில காலம் அடியோடு சோர்ந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் அவர் நம்மைப் போலவே கடைக்குப் போவார், கணக்குப் பார்ப்பார், பிள்ளைகளைக் கொஞ்சுவார்.

நாம் பிந்திப்போவதற்குக் காரணம், இதன் தொடக்கம் நோயாகவே தெரியாததுதான். இரவில் இரண்டு மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பில்லாமல் எழுகிறார். பேச்சு வேகமாகிறது, திட்டங்கள் பெரிதாகின்றன. “பையனுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது” என்று மகிழ்கிறோம். விடிய விடிய ஓதினால் இபாதத்தில் ஈடுபாடு என்கிறோம். கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, தடுத்தவர்கள் மேல் சீறும்போதுதான் பயம் வருகிறது. உடனே ஜின் என்கிறோம். கல்யாணம் செய்தால் சரியாகிவிடும் என்று இன்னொரு வீட்டுப் பெண்ணையும் இதில் இழுத்துவிடுகிறோம்.

கரிசலில் பட்டம் தப்பினால் வெள்ளாமை இல்லை. இந்த நோய்க்கும் பட்டம் உண்டு. தூக்கம் குறைந்தும் உற்சாகம் கூடி, அது நாள்கணக்கில் நீடித்தால் அப்போதே டாக்டரிடம் போக வேண்டும்.

சோர்ந்து கிடக்கும்போது டாக்டரிடம் போனால், முன்பு பொங்கிய நாட்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது தெரியாமல் சோர்வுக்கு மட்டும் மாத்திரை கொடுத்தால், சிலருக்கு அதுவே பொங்கலைக் கிளப்பிவிடும். நோயாளிக்கு அந்த நாட்கள் நோயாகத் தோன்றாது. அதைச் சொல்ல வேண்டியது கூட வருபவர்தான்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அதே ஏர்வாடியில் பின்னாளில் துஆவோடு மருந்தும் என்ற ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது.

துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரியல்ல. நோய்க்கு மருத்துவம் பாருங்கள் என்று கற்பித்தவர் நம் நபி (ஸல்). 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. ஓதிப் பார்க்க வருபவர்களிடம் “டாக்டரைப் பார்த்தீர்களா?” என்று நம் ஹஜ்ரத்மார்கள் கேட்டாலே பாதி வேலை முடியும்.

மருந்து விஷயத்தில் சில எச்சரிக்கைகள். சுகமானதும் நாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. அப்படி நிறுத்தித்தான் பலருக்கு நோய் திரும்புகிறது. லித்தியம் சாப்பிடுபவருக்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றினால் அந்த மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகலாம். நம் ஊர் வெயிலுக்கு இதை மறக்கக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடுமையான கைநடுக்கம், தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரமலானுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். தராவீஹ், சஹர் என்று தூக்கம் கெடுவதும் நோயைக் கிளப்பும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைக் குடும்பத்தார் மறுக்க வேண்டாம்.

“செத்துவிடலாம்” என்று ஒருவர் சொன்னால் அலட்சியம் வேண்டாம். தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் மனநல டாக்டர் பார்க்கும் நாளை விசாரியுங்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. போக வர பஸ் செலவுக்கு இல்லையென்றால் எங்களிடம் சொல்லுங்கள், பெயர் வெளியே போகாது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுவதை நாம் யாரும் மறைப்பதில்லை. இதையும் அப்படியே பார்ப்போம். நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பார்த்துக்கொள்வோருக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.