குடிகாரரைத் தாண்டிய கேமரா



ஒரு மதுக்கூடம். நீளமான மேசையின் மேல் கேமரா மெல்ல ஊர்ந்து போகிறது. வழியில் ஒருவர் குடித்துவிட்டு அப்படியே தலைகவிழ்ந்து கிடக்கிறார். கேமரா நிற்கவில்லை. சற்றே எழும்பி, அவரைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கித் தன் போக்கில் போகிறது.

'பிளட் சிம்பிள்' என்ற அமெரிக்கப் படத்தில் வரும் காட்சி இது. ஜோயல் கோயன், ஈதன் கோயன் சகோதரர்களின் முதல் படம், 1984-இல் வந்தது. இயக்கம் என்று அண்ணன் பெயரும், தயாரிப்பு என்று தம்பி பெயரும் இருக்கும். எடுக்காத படத்துக்கு முதலில் முன்னோட்டம் தயாரித்து, அதைப் பலரிடம் போட்டுக்காட்டிப் பணம் திரட்டினார்கள். செலவு ஏறத்தாழ 15 லட்சம் டாலர்.

கதை டெக்சஸில் நடக்கிறது. மனைவிமேல் சந்தேகம் கொண்ட மதுக்கூட முதலாளி ஒரு துப்பறிவாளரை அமர்த்துகிறார். பிறகு துப்பாக்கி வெடிக்கிறது. சுட்டது யார் என்பது நமக்குத் தெரியும். படத்தில் இருப்பவர்களோ ஆளுக்கொன்றாக நினைத்துக்கொள்கிறார்கள். முதலாளியைத் தன் காதலியான அவர் மனைவிதான் கொன்றுவிட்டாள் என்று நம்பிய ஒருவன், அவளைக் காப்பாற்ற ரத்தத்தைத் துடைக்கிறான். துடைக்கத் துடைக்கப் பரவுகிறது. பிணத்தைக் காரில் ஏற்றிப் போனால், அது இன்னும் பிணமாகவில்லை! சிரிப்பதா, நடுங்குவதா?

இந்த இடத்தில்தான் விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இன்று சன்டான்ஸ் என்று அழைக்கப்படும் திரைப்பட விழா, 1985-இல் நடுவர் குழுவின் பெரும் பரிசை இதற்குத் தந்தது. சிகாகோ விமர்சகர் ராஜர் ஈபர்ட் மனதாரப் பாராட்டினார். எல்லோரும் படமாக்கிய விதத்தையே பேசிக்கொண்டிருந்தபோது, அவர் நம் கெட்ட கனவுகளைப் பேசினார். எவ்வளவு கழுவியும் போகாத ரத்தம், எங்கேயோ மறந்து விட்டுவிட்ட ஒரு சின்னப் பொருள்... படத்தின் பலம் அங்கே இருக்கிறது என்றார்.

'நியூ யார்க்கர்' இதழில் எழுதிய பாலின் கேல் மசியவில்லை. கேமரா இத்தனை குட்டிக்கரணம் போடுவது நம் கண்ணில் படுகிறதென்றால், படத்தில் வேறெதுவும் நடக்கவில்லை என்பதே காரணம் என்பது அவர் கட்சி. வாழ்க்கையைப் பார்த்து எடுத்ததாக அவருக்கு அது தோன்றவில்லை.

கோயன் சகோதரர்கள் பின்னாளில் ஆஸ்கார் வாங்கினார்கள். ஆகவே கேல் தோற்றார் என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. விமர்சனம் ஜோசியம் இல்லையே! வித்தை சரி, மனிதர் எங்கே என்று அவர் கேட்டார். முதல் படத்தைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்விதான்.

அதற்கு விடை 1996-இல் அதே சகோதரர்களின் 'ஃபார்கோ' படத்தில் கிடைத்தது. அதிலும் கொலை உண்டு, குளறுபடி உண்டு, சிரிப்பும் உண்டு. ஆனால் நடுவில் ஒரு கர்ப்பிணிக் காவல் அதிகாரி இருக்கிறார். கொலைகாரனைப் பிடித்துக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, கொஞ்சம் பணத்துக்காகவா இத்தனை உயிர் என்று அவனிடமே ஆற்றாமையோடு கேட்கிறார். நடித்தவர் பிரான்சிஸ் மெக்டார்மண்ட். 'பிளட் சிம்பிள்' படத்தில், கடைசிவரை எதுவும் விளங்காமல் தவித்த அந்த மனைவியும் இவரேதான்.

அன்று குடிகாரரைத் தாண்டிப் போன கேமரா, பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒரு முகத்தின் முன்னால் நின்றது.