எண்ணியவரும் எண்ணப்பட்டவரும்

(வாசிகசாலை ஒன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் இலண்டன் வானொலியைக் கேட்டு வந்தவர்களுக்கு ஒரு வாய்பாடு மனப்பாடமாகியிருந்தது. நேற்றிரவு எமது விமானங்கள் ஜேர்மனியின் இன்ன நகரத்தைத் தாக்கின. இத்தனை விமானங்கள் திரும்பி வரவில்லை. அத்துடன் அடுத்த செய்தி. இழந்த விமானங்களின் தொகையை ஒளிக்காமற் சொன்னது பிரித்தானிய அரசின் நேர்மைக்கு அடையாளம் என்று புகழ்வார் உளர். புகழத்தக்கதே. ஆனால் விமானங்களின் தொகையைச் சொன்ன குரல் ஆட்களின் தொகையைச் சொல்லவில்லை. கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் ஏழு பேர் சென்றனர். கேட்டவர் தாமே ஏழாற் பெருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பெருக்கலைத்தான் இன்று உங்கள் முன்னிலையிற் செய்ய வந்திருக்கிறேன்.

முதலில் மொத்தத் தொகையைச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானிய விமானப் படையின் குண்டுவீச்சுப் பிரிவில் விமானமேறிப் பணிபுரிய வந்தோர் ஏறக்குறைய 1,25,000 பேர். அவருள் இறந்தோர் 55,573 பேர். காயமுற்றோர் 8,403. சிறைப்பட்டோர் 9,838. தாக்குதலிற் சென்று அழிந்த விமானங்கள் 8,325. அப்படையின் முதன்மையான விமானமாகிய லங்காஸ்ரர் 7,377 செய்யப்பட்டன. ஏறத்தாழப் பாதி அழிந்தது. இறந்தவர்களின் சராசரி வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று. எல்லோரும் தாமாக விரும்பி வந்தவர்கள். கட்டாயத்தின்பேரில் எவரும் விமானத்தில் ஏற்றப்படவில்லை. பிரித்தானியர் மட்டுமல்லர். கனடா நாட்டார் ஏறக்குறைய 10,000 பேரும், அவுஸ்திரேலியர் 4,000 பேரும், நியூசிலாந்தர் 1,700 பேர்வரையும் மாண்டனர். நாட்டை இழந்து வந்த போலந்துக்காரர் 900 பேருக்கு மேல் இத்தொகையில் அடங்குவர்.

அந்த எழுவர் யாவர்? விமானி ஒருவர், இயந்திரங்களைக் கவனிக்கும் பொறியாளர் ஒருவர், இருளில் வழி கணிப்பவர் ஒருவர், குண்டு எறிபவர் ஒருவர், கம்பியில்லாத் தந்திக்காரர் ஒருவர், முதுகின்மேல் ஒரு துப்பாக்கிக்காரர், வாலின் நுனியில் இன்னொருவர். வாலில் இருந்தவரின் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற கூண்டு, இடுக்கமான ஆசனம், உறைநிலைக்குப் பல பாகை கீழான குளிர், ஏழெட்டு மணி நேரம் தனிமை. கூண்டுக்குள் இடமில்லாமையால் அவருடைய பரசூட் பெரும்பாலும் கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உடற்பகுதியிலேயே தொங்கவிடப்பட்டிருந்தது. விமானம் தீப்பற்றினால் அவர் கதவைத் திறந்து, பின்னே திரும்பி, அதை எடுத்து அணிந்த பின்னரே குதிக்கலாம்.

ஒருவருக்கு முதற் தவணையாக முப்பது தாக்குதல்கள் விதிக்கப்பட்டன. முப்பதையும் முடித்தவர் சில மாதங்கள் பயிற்சிக் கூடத்திற் கற்பித்துவிட்டு, இன்னும் இருபதுக்கு அழைக்கப்படலாம். முப்பது என்றால் பெரிய தொகையன்று என்று தோன்றும். 1943 ஆம் ஆண்டில் ஜேர்மனியின்மீது சென்ற இரவுத் தாக்குதல்களில் இழப்பு நூற்றுக்கு நாலு வீதத்தை அண்டி நின்றது. நூறு விமானத்தில் நாலுதானே என்று இதுவும் சிறிதாகவே தோன்றும். இங்கே இருக்கும் கமக்காரர்களுக்கு நான் வட்டிக்கு வட்டி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. காணியை ஈடுவைத்தவனுக்குச் சிறிய வீதம் காலப்போக்கில் என்ன செய்யும் என்பது தெரியும். இதுவும் அதே கணக்கு, தலைகீழாக ஓடுகிறது. நூறு பேர் புறப்படுகிறார்கள். பத்தாம் தாக்குதலின் பின் எஞ்சுவோர் அறுபத்தாறு. இருபதாவதின் பின் நாற்பத்துநாலு. முப்பதாவதின் பின் இருபத்தொன்பது. வீதம் ஐந்தானால் முடிவில் எஞ்சுவோர் இருபத்தொருவர்தாம்.

இது வெறும் காகிதக் கணக்கன்று. மார்ட்டின் மிடில்புரூக் என்னும் வரலாற்றாசிரியர் தரும் தொகை ஒன்றுண்டு. பயிற்சி அணிக்கு வந்துசேர்ந்த நூறு பேரை எடுத்துக்கொண்டால், தாக்குதல்களில் இறந்தோர் 51, இங்கிலாந்திலேயே விபத்துகளில் இறந்தோர் 9, கடுங்காயமுற்றோர் 3, சிறைப்பட்டோர் 12, வீழ்ந்தும் பகைவரிடம் அகப்படாது மீண்டவர் 1, உடற்சேதமின்றி முடித்தோர் 24. முன்னே சொன்ன மொத்தத் தொகையில் இறப்பு நூற்றுக்கு நாற்பத்துநாலு ஆயிற்றே, இங்கே அறுபது ஆவதெப்படி என்று கேட்பீர்கள். அம்மொத்தத்தில், போர் முடிகின்ற வேளையில் வந்து, ஒரு தாக்குதலுக்கேனும் போகாதவர்களும் சேர்ந்திருக்கிறார்கள் என்பதே விடை. பயிற்சியிலும் விபத்துகளிலும் இறந்தோர் மாத்திரம் 8,000 பேருக்கு மேல். விதைப்பதற்கு முன்னரே விதைநெல்லில் ஒரு பங்கு பழுதாய்ப் போனது போன்ற இழப்பு அது.

இக்கணக்குகளைச் செய்தவர்கள் அக்காலத்திலேயே இருந்தார்கள். ஹை விக்கம் என்னும் ஊரின் அருகே மரங்களுக்கிடையில் மறைந்திருந்த தலைமையகத்தில், படைத்தலைவர் சேர் ஆதர் ஹரிஸ் அவர்களின் கீழ், ஆராய்ச்சிப் பிரிவொன்று இழப்புகளை இரவு தோறும் எண்ணிக்கொண்டிருந்தது. நூற்றுக்கு ஐந்துக்கு மேல் நெடுங்காலம் இழந்தாற் படை நிலைக்காது என்பது அங்கே வழங்கிய கணிப்பு. அன்பர்களே, இந்தக் கணிப்பைச் சற்று உற்று நோக்குங்கள். படை எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டார்கள். அந்த வீதத்தில் ஒரு மனிதன் எத்தனை நாள் தாங்குவான் என்பது அவர்களுடைய கேள்வியாக இருக்கவில்லை.

1943 யூலை மாதத்தில் அப்பிரிவில் வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், பிறீமன் டைசன் என்பவர், பின்னாளிற் பேர்பெற்ற பௌதிக விஞ்ஞானியாகி 2020 ஆம் ஆண்டில் மறைந்தார். அனுபவம் மிகுந்தால் ஆபத்து குறையும் என்று விமானிகளுக்குச் சொல்லப்பட்டு வந்தது. டைசன் கணக்குப் பார்த்தார். தொடக்க காலத்தில் அது உண்மையாயிருந்தது. பிற்காலத்திலோ இருபத்தைந்து முறை சென்று மீண்டவனும் முதல்முறை செல்பவனும் ஒரே வீதத்தில் வீழ்ந்துகொண்டிருந்தார்கள். சுடுபவனை அவர்கள் காணவே இல்லையென்றால் அனுபவம் எதற்கு உதவும்? இந்த முடிவு பறந்தவர்களுக்கு எட்டவில்லை. படைத்தலைவருக்கு உவப்பில்லாத செய்தியை அவரிடம் கொண்டுசெல்ல அலுவலகத் தலைமைக்கு மனமில்லை என்று டைசன் பிற்காலத்தில் எழுதினார். துப்பாக்கிக் கூண்டுகளைக் கழற்றிவிட்டால் விமானத்தின் வேகம் மணிக்கு 50 மைல் வரை கூடும், வீழ்ந்தாலும் ஏழு பேருக்குப் பதிலாக ஐவரே இறப்பர் என்ற யோசனைக்கும் அதே கதிதான்.

இன்னொன்று கேளுங்கள். வீழ்ந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களிலிருந்து ஏறக்குறையப் பாதிப்பேர் உயிர் தப்பினர். பிரித்தானியரின் ஹலிபாக்ஸ் விமானத்திலிருந்து தப்பியோர் காற்பங்கு. லங்காஸ்ரரிலிருந்து தப்பியோர் நூற்றுக்குப் பதினைந்து பேர். ஏன் இந்த வேறுபாடு? ஹலிபாக்ஸில் தப்பும் வாயிலின் அகலம் 24 அங்குலம். லங்காஸ்ரரில் 22 அங்குலம். தடித்த உடுப்பும் பரசூட்டும் அணிந்த ஒருவன், சுழன்று விழும் விமானத்தில், இருளில், அந்த வாயிலைத் தேடிப் பிடித்து நுழைய வேண்டும். டைசனின் தோழர் ஒருவர் வாயிலை அகலமாக்க வேண்டுமென்று இரண்டு ஆண்டுகள் அதிகாரிகளோடு மல்லாடினார். ஈற்றில் இணங்கினார்கள். அகன்ற வாயில் வந்தபோது போர் முடிந்திருந்தது. இதில் இரகசியமோ விஞ்ஞானப் புதிரோ எதுவுமில்லை. ஒரு தச்சனிடம் காட்டியிருந்தால் விளங்கிக்கொண்டிருப்பான்.

சுடுபவனைக் காணவில்லை என்றேனே, அதன் காரணம் இது. ஜேர்மனியர் 1943 ஆம் ஆண்டின் கோடை முதல் தமது இரவுப் போர்விமானங்களில் மேல்நோக்கிச் சாய்ந்த பீரங்கிகளைப் பொருத்தினர். பிரித்தானிய விமானத்தின் அடிவயிற்றில் காவல் இல்லை. பகைவன் கீழே வந்து, சமமாகப் பறந்து, இறக்கையிலுள்ள எண்ணெய்த் தாங்கியைச் சுட்டுவிட்டு விலகினான். அருகிற் பறந்தவர்கள் கண்டதெல்லாம் திடீரெனத் தோன்றும் ஒரு பெருந்தீ. அவை விமானங்களல்ல, எங்களை மிரட்டுவதற்காக ஜேர்மனியர் சுடும் பொய்க்குண்டுகள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அப்படியான குண்டு இருந்ததற்குப் போருக்குப் பின்னர் எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. அவர்கள் கண்டது தம் தோழர்கள் எரிவதையே.

1943 நவம்பரில் ஹரிஸ், அமெரிக்கரும் சேர்ந்தால் பேர்லினை முற்றாக நொறுக்கலாம், அதற்கு 400 முதல் 500 விமானங்கள் செலவாகலாம், ஜேர்மனிக்கோ அது தோல்வியாக முடியும் என்ற கருத்தைப் பிரதமர் சேர்ச்சிலுக்கு எழுதினார். அமெரிக்கர் அப்போது சேரவில்லை. பதினாறு முறை பேர்லினைத் தாக்கினர். ஐந்நூறளவில் விமானங்கள் போயின. அந்தக் கணக்கு மட்டும் பிசகவில்லை. போர் முடியவில்லை.

1944 பெப்ரவரியில் லைப்சிக் நகருக்குச் சென்ற 823 விமானங்களில் 78 வீழ்ந்தன. மார்ச் 24 ஆம் திகதி இரவு பேர்லினுக்குச் சென்ற 811 இல் 72. ஆறு நாள் கழித்து, மார்ச் 30 ஆம் திகதி இரவு, 795 விமானங்கள் நூறன்பேர்க் நகரை நோக்கிப் புறப்பட்டன. நிலவு காய்ந்த இரவு. வழக்கமாக வளைந்து வளைந்து செல்லும் பாதை அன்று நெடுந்தூரம் நேர்கோடாக வகுக்கப்பட்டிருந்தது. வானிலை அறிஞர் எதிர்பார்த்த முகில் வழியிற் காணப்படவில்லை. இலக்கின்மேலே முகில் மூடிக்கிடந்தது. குளிரில் ஒவ்வொரு விமானத்தின் பின்னும் வெண்புகைக் கோடு நீண்டு, இதோ வருகிறோம் என்று அறிவித்தது. 95 விமானங்கள் திரும்பவில்லை. 545 பேர் மாண்டனர். 1940 இல் பிரித்தானிய வான்சமரிலே, நாலு மாதப் போரில் இறந்த போர்விமானிகள் 544 பேர். அவர்களை உலகம் இன்றும் பாடுகிறது. ஓர் இரவில் இறந்த இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? காற்று திசை பிசகியதால் பலர் சுவைன்ஃபேர்ட் என்னும் வேறோர் ஊரில் குண்டைப் போட்டுவிட்டு வந்தார்கள் என்பது இதில் இன்னுமொரு கசப்பு.

இனி மாட்டேன் என்று சொன்னவர்களுக்கு என்ன நடந்தது? மனவுறுதி அற்றவன் என்று அவன் ஏட்டிற் குறிப்பெழுதினர். மார்பிலிருந்த சிறகுச் சின்னத்தைப் பறித்தனர். பதவியைக் குறைத்தனர். பதினைந்து முறை சென்று மீண்டவனாயினும் பதினாறாவதற்கு மறுத்தால் அவனுக்கும் இந்தப் பெயர் வரக்கூடும். தப்பும் சாத்தியத்தைக் கணித்துச் சொல்லாத அதிகாரம், அதைத் தானே ஊகித்துக்கொண்டவனைக் கோழை என்றது.

இந்த இளைஞர்களுக்காக இரங்குவதோடு நான் நின்றுவிட்டால் அது நேர்மையாகாது. ஆகாயத்திலிருந்து குண்டு விழும் ஓசையைக் கேட்டறிந்தவர்கள் இச்சபையில் இருக்கிறீர்கள். 1941 ஓகஸ்டில் பட் என்பவர் நிழற்படங்களை ஆராய்ந்து, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றிலொன்றே இலக்குக்கு ஐந்து மைலுக்குள் குண்டெறிந்ததென்று காட்டினார். தொழிற்சாலையைக் கண்டு அடிக்க முடியாதவர்கள் நகரத்தை அடிப்பது என்று துணிந்தனர். 1943 யூலையில் ஹம்பேர்க்கில் எழுந்த தீப்புயலோடு கூடிய தாக்குதல்களில் 35,000 பேருக்கு மேல் இறந்தனர். 1945 பெப்ரவரியில் டிறெஸ்டனில் 25,000 பேர் வரை. இறந்தவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவருமே. நாசிகளின் கொடுமை அவர்களை எரித்ததை நியாயமாக்காது. பிரித்தானியாவுக்கு அக்காலத்தில் ஜேர்மனியை நேரே தாக்க வேறு கை இருக்கவில்லை என்பதும், அத்தாக்குதல்களாற் பெருந்தொகையான பீரங்கிகளும் விமானங்களும் போர்முனைக்குச் செல்லாமல் ஜேர்மனியிலேயே கட்டுண்டு கிடந்தன என்பதும் உண்மைகளே. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டுமென்பதே என் கருத்து.

டிறெஸ்டனுக்குப் பின், 1945 மார்ச் 28 இல், பயங்கரத்தை விளைப்பதற்காகவே நகரங்களைத் தாக்குவது பற்றி மீளாய்வு வேண்டுமென்று சேர்ச்சில் குறிப்பெழுதினார். விமானப் படைத் தலைவர்கள் ஆட்சேபிக்கவே அதை மீட்டு மாற்றி எழுதினார். தாமே அனுமதித்த கொள்கையிலிருந்து தாமே விலகி நிற்க முயன்றார் என்று நான் சொல்வேன். அனுப்பியவர்கள் இவ்வாறு விலக, பழி சென்றவர்கள்மேல் தங்கிற்று. குண்டுவீச்சுப் படைக்கெனத் தனிப்பதக்கம் வழங்கப்படவில்லை. பதக்க நாடாவிற் பொருத்தும் ஒரு சிறு பட்டி 2013 ஆம் ஆண்டிற் கிடைத்தது. அதைப் பெற உயிரோடிருந்தவர் சிலரே. இலண்டனில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டதும் 2012 யூன் 28 ஆம் திகதிதான். குண்டுவீச்சில் மாண்ட எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகம் ஒன்றையும் அதிற் பொறித்திருக்கிறார்கள்.

இலண்டனுக்கு அருகே ரன்னிமீட் என்னுமிடத்தில், தேமிசு நதியைப் பார்த்தபடி, 1953 ஒக்டோபரில் திறக்கப்பட்ட மண்டபம் ஒன்றுண்டு. குண்டுவீச்சுப் படையிலும் பிற விமானப் பிரிவுகளிலும் இருந்து, புதைகுழி அறியப்படாமற் போனவர்கள் 20,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அதன் கற்சுவர்களில் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே விமானங்களின் தொகை எழுதப்படவில்லை.