காய்ச்சல் விட்ட பிறகு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொரோனா வந்து குணமாகித் திரும்பிய ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மூன்றாம் பாடவேளைக்குள் தலை சாய்த்துவிடுவாள். "செல்போன் பார்த்துச் சோம்பேறியாகிவிட்டாய்" என்று எல்லோர் முன்னும் கடிந்துகொண்டேன். உடற்கல்வி வேளைக்கு மறுநாள் விடுப்பு எடுப்பாள். "ஓடினா அடுத்த நாள் எழுந்திரிக்கவே முடியல டீச்சர்" என்று அவள் அம்மா வந்து சொன்ன பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். அதுவரை வருகைப் பதிவேடு என் கையில்தான் இருந்தது.

கொரோனா தொற்றிய 3 மாதங்களுக்குள் தோன்றி, குறைந்தது 2 மாதம் நீடிக்கும் தொல்லைகளைக் குழந்தைகளின் நெடுங்கால பாதிப்பாக உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வரையறுத்தது. சோர்வு, மூச்சிரைப்பு, மறதி எனப் பலவிதமாக இருக்கும். சிலருக்கு உழைப்புக்குப் பின், பெரும்பாலும் மறுநாள், சோர்வு கூடும். "ஓடினால் சரியாகிவிடும்" என்பது இவர்களிடம் பலிக்காது. 2006-இல் சிக்குன்குனியா வந்தவர்களைக் கேளுங்கள். மூட்டுவலி மாதக்கணக்கில் விடவில்லை.

அந்த மாணவிக்கு விளையாட்டில் புள்ளி எழுதும் வேலை கொடுத்தோம். வீட்டுப்பாடத்தைப் பாதியாக்கினோம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டினோம். சோர்வுக்கு ரத்தசோகையும் காரணமாகலாமே!

தடுப்பூசி நெடுங்கால பாதிப்பின் வாய்ப்பைக் குறைக்கிறது. சிக்குன்குனியாவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில், அதாவது பள்ளி நேரத்தில் கடிப்பது. அதன் முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நீரை மாற்றினால் போதாது; வாரம் ஒருமுறை சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கள் பள்ளியில் அது வெள்ளிக்கிழமை வேலை.