ஹெட்டைச் சீவும் முன் ஒரு கணக்கு

வழக்கமாக மார்ச், ஏப்ரல் மாதங்களில் வருமான வரிப் பத்திரம் நிரப்புவது பற்றித்தான் இந்த ஒலிவாங்கி முன் பேசுவேன். இம்முறை மோட்டார் சைக்கிள் பற்றிப் பேசப் போகிறேன். பயப்படாதீர்கள், இதிலும் கணக்கு வரும்.

என் அக்காவின் மகன் போன இலையுதிர் காலத்தில் பழைய ஹொண்டா சீ-ரீ 90 ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து, கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருக்கும் வீட்டின் கராஜில் நிறுத்தினான். எழுபதுகளில் கனடாவில் விற்ற வண்டி. அதன் எஞ்சினைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. ஊரில் அண்ணா வைத்திருந்த சீ 90 எஞ்சினின் உடன்பிறப்பு அது. 50 மில்லிமீற்றர் துளை, 45.6 மில்லிமீற்றர் வீச்சு, 89.5 கன சென்ரிமீற்றர்.

பிஸ்டன் அடியில் நிற்கும்போது அதற்கு மேலே உள்ள இடத்தை, பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மிஞ்சும் இடத்தால் பிரித்தால் வருவது அமுக்க விகிதம். இந்த எஞ்சினுக்கு அது 8.2. அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சுவது சுமார் 12.4 கன சென்ரிமீற்றர். ஒரு மேசைக்கரண்டியில் அடங்கிவிடும். ஹெட்டில் செய்யும் வேலை எல்லாம் இந்தக் கரண்டி அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். குறைத்தால் இழுவை கூடும், சூடும் கூடும்.

1990 ஜூனில் மறுபடி யுத்தம் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பற்றரியும் இல்லை, சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருந்து, சில துளி பீச்சி, உதைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் விடுவோம். பின்னால் வருபவருக்குக் கண் எரியும்.

புகையை விடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருந்தது. பெற்றோல் பிளக்கின் பொறிக்காகக் காத்திருக்கும். மண்ணெண்ணெய்க்கு அந்தப் பொறுமை இல்லை. அமுக்கமும் சூடும் கூடினால் பொறியின் தீ போய்ச் சேருமுன் மிச்சக் கலவை தானாக வெடிக்கும். ஏற்றத்தில் எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும். எங்கள் ஊர் மெக்கானிக் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அலுமினியத் தகட்டை அறுத்து, அராவி, இரண்டு கஸ்கற்றுக்கு நடுவில் வைத்து ஹெட்டை 2 மில்லிமீற்றர் உயர்த்திவிடுவார். இந்த எஞ்சினில் கேம் தண்டு ஹெட்டுக்குள் இருப்பதால் உள்ளே ஓடும் செயினும் எட்ட வேண்டும். அண்ணாவின் செயின் தேய்ந்து நீண்டு போயிருந்தபடியால் எட்டியது!

அந்த 2 மில்லிமீற்றரால் கூடும் இடம் 3.9 கன சென்ரிமீற்றர். விகிதம் 8.2 இலிருந்து 6.5க்கு இறங்கும். அவர் எந்தச் சூத்திரமும் எழுதவில்லை. காதால் கேட்டுச் செய்தார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரியும் என்ற வயது. இரண்டு பேர் ஏறினால் வண்டி இழுக்கவில்லை என்பது என் குறை. அண்ணா இல்லாத நாளில் மெக்கானிக்கிடம் போய்த் தகட்டைக் கழற்றச் சொன்னேன். "தம்பி, இழுவை வரும். பிறகு பிஸ்டனுக்கு ஆர் பொறுப்பு?" என்றார். நான் பொறுப்பு என்றேன். வண்டி நன்றாகத்தான் இழுத்தது, ஒன்பது நாள்.

1993இல் ஒரு வெயில் நாள். அம்மாவுக்கு முட்டு. சுன்னாகத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனேன். இணுவில் தாண்டும்போது தட்டும் சத்தம் கேட்டது. அவசரத்தில் குறைக்கவில்லை. கொக்குவிலுக்குக் கிட்ட எஞ்சின் நின்றுவிட்டது. பிஸ்டனின் தலையில் ஓட்டை. முன்பின் தெரியாத ஒருவர் அம்மாவைத் தன் சைக்கிள் கரியரில் ஏற்றினார். நான் வண்டியை ஒரு வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் பின்னால் ஓடினேன். அம்மா பிழைத்தா, அதன் பிறகு இருபது வருடம் இருந்தா. அந்த மனிதரின் பேரைக்கூட நான் கேட்கவில்லை. அண்ணா என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இனி மொன்றியல் கராஜுக்கு வருவோம். மருமகன், "மாமா, ஹெட்டை ஒரு மில்லிமீற்றர் சீவுவிச்சால் பவர் கூடுமாம்" என்றான். முதலில் அளப்போம் என்றேன். எஞ்சினைக் கழற்றி, பிளக் துளை மேலே பார்க்கச் சாய்த்து, பிஸ்டனை வால்வுகள் மூடிய உச்சியில் நிறுத்தி, மருந்தூசிக் குழாயால் மெல்லிய எண்ணெய் விட்டோம். பிளக்கின் மரையில் நின்றதைக் கழித்தால் 10.5. இருக்க வேண்டியது 12.4. விகிதம் 9.5 ஆகிவிட்டிருந்தது. முன்னர் வைத்திருந்த யாரோ ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் ஏற்கெனவே சீவியிருக்கிறார்! இன்னும் ஒன்று சீவினால் விகிதம் 11ஐத் தாண்டும். வால்வும் பிஸ்டனும் முட்டுமோ என்ற பயம் வேறு. ஹெட் தாழ்ந்தால் செயின் தளர்ந்து, வால்வுகள் திறக்கும் நேரமும் பிந்தும். சீவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. தகடு வைத்தவரின் வேலையை ஒரு மணித்தியாலத்தில் மாற்றலாம், இதை அப்படி மாற்ற ஏலாது.

இங்கே 91 ஒக்ரேன் பெற்றோல் இருக்கிறதே, 9.5 தாங்காதா என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. பெற்றோல் தாங்கும். ஐம்பது வருடத்துக்குக் கிட்டக் கிழண்டிய அடிப் பேரிங் தாங்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

உண்மையில் அந்த வண்டி பவர் இழந்தது வேறு இடத்தில். ஹெட்டைக் கழற்றி, வால்வு வழிகளில் பெற்றோல் ஊற்றிப் பார்த்தோம். புகை போகும் வால்வின் பக்கம் கசிந்து வந்தது. புது வால்வு போட்டு, அரைக்கும் பசை பூசி, உறிஞ்சிப் பிடிக்கும் கோலைக் கைகளுக்கிடையில் உருட்டி உருட்டி, வால்வு இருக்கையில் சாம்பல் நிற வளையம் சுற்றிவர ஒரே அகலமாகத் தெரியும் வரை அரைத்தோம். இரண்டு மாலை போயிற்று. மருமகனுக்குக் கை வலி, எனக்கு முதுகு வலி. பிறகு கண்ணாடிப் பலகையில் மெல்லிய உப்புத்தாள் விரித்து, ஹெட்டின் அடியை எட்டுப் போட்டு உரசினோம். முழுவதும் ஒரே மினுக்கம் வந்தால் வளைவு இல்லை என்று அர்த்தம். இது தளம் பார்க்கும் வேலை மட்டும், சீவல் அல்ல.

கடைசியில் செப்புத் தகட்டில் கஸ்கற் வெட்டினோம். செம்பைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் இளகும். இரும்பைப் போல இறுகாது. பழையதை விட 0.8 மில்லிமீற்றர் தடிப்பு. நட்டுக்களை மூலைக்கு மூலை மாற்றிப் படிப்படியாக இறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு அளந்தோம். 12.1. விகிதம் 8.4.

பனி உருகிய முதல் கிழமை மூன்றாவது உதையில் பிடித்தது. விக்டோரியா அவெனியூ வரை அவன் ஓட்ட, நான் நடைபாதையில் நின்று காது கொடுத்தேன். தட்டும் சத்தம் இல்லை. திரும்பி வந்து, "மாமா, 91ஐ அடிப்பமா?" என்றான். 87 காணும் என்றேன்.

அந்தச் செப்புத் தகட்டில் இன்னும் மூன்று கஸ்கற்றுக்குக் காணும் துண்டு மிச்சம் இருக்கிறது. உங்களிடம் இந்த வகை எஞ்சின் இருந்தால் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். ஆனால் முதலில் அளந்துகொண்டு வாருங்கள்.