இரும்பில் துளையிடும் பிற்: வாங்கும்போதும் பாவிக்கும்போதும்
(ஊர் திரும்பும் குடும்பங்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளிலும் உறவினர் வீடுகளிலும் இத்தனை காலம் இருந்துவிட்டு ஊருக்குப் போகப்போகிறீர்கள். கேற், யன்னல் கம்பி, கூரைச் சட்டம் என்று எதைத் திருத்தினாலும் இரும்பில் ஓட்டை போட வேண்டிவரும். அதற்கான பிற்றை இங்கேயே பார்த்து வாங்குங்கள். பழைய சோனகத் தெருவில் இரும்புக்கடைகள் வரிசையாக உண்டு.

முதலில் பிற்றின் காம்பைப் பாருங்கள். 'எச்.எஸ்.எஸ்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்க வேண்டும். அதிவேக உருக்கு என்பது பொருள். ரங்ஸ்ரன், மொலிப்டினம் போன்றவை கலந்திருப்பதால் ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வரை சூடேறினாலும் இதன் கடினம் குறையாது. சாதாரண உருக்கு அதற்கு வெகு முன்பே இளகிவிடும். பொன்னிறம் மேற்பூச்சு மட்டுமே. நிறத்தை நம்பி வாங்காதீர்கள். நுனியில் தனித்துண்டு ஒட்டியிருப்பது சுவருக்கான பிற். அது இரும்புக்கு உதவாது. கண்ணாடி மேசையில் உருட்டிப் பாருங்கள். வளைவு இருந்தால் தெரியும். வீட்டு வேலைக்கு 3, 4, 5, 6, 8, 10 மில்லிமீற்றர் போதும். சிறியவை சீக்கிரம் உடையும். அவற்றில் இரண்டிரண்டு எடுங்கள்.

இனி வேலை. துளையிடும் இடத்தில் கூர் உளியால் ஒரு குழி அடியுங்கள். இல்லாவிட்டால் பிற் வழுக்கி ஓடும். இரும்பைக் கையால் பிடிக்காமல் இறுக்கிக் கட்டுங்கள். தகரமென்றால் அடியில் பலகை வையுங்கள். 10 மில்லிமீற்றர் ஓட்டைக்கு முதலில் 4 மில்லிமீற்றரால் வழி திறவுங்கள்.

பிற் பெருக்க வேகம் குறைய வேண்டும். சாதாரண இரும்பில் 6 மில்லிமீற்றருக்கு நிமிடத்துக்குச் சுமார் 1300 சுற்று, 10 மில்லிமீற்றருக்குச் சுமார் 800 சுற்று. துருப்பிடிக்காத உருக்கானால் இதில் பாதிக்கும் குறைவு. இடையிடையே எண்ணெய் விடுங்கள். வார்ப்பிரும்புக்கு மட்டும் எண்ணெய் வேண்டாம். இரு பக்கமும் சுருள் சுருளாகச் சீவல் வந்தால் பிற் கூர்மையாக இருக்கிறது. தூளாக வந்தால், கீச்சிட்டால், மழுங்கிவிட்டது. அழுத்தாமல் நிறுத்தித் தீட்டுங்கள். இரண்டு வெட்டு விளிம்பும் ஒரே நீளமாக இருக்கவேண்டும். சூடான பிற்றைத் தண்ணீரில் முக்காதீர்கள்; வெடிப்பு விழும். மறுபக்கம் துளை வெளிவரும் நேரம் கையைத் தளர்த்துங்கள்; அப்போதுதான் பிற் கொளுவி முறியும்.

கண்ணாடி அணியுங்கள். கையுறை வேண்டாம், அது சுற்றிக்கொள்ளும். தலைமயிர், சங்கிலி, சாரத்தின் நுனி எல்லாவற்றையும் ஒதுக்குங்கள்.

கடைசியாக, இதை மட்டும் மறக்கவே வேண்டாம். வளவிலோ கிணற்றடியிலோ என்னவென்று தெரியாத இரும்பு கிடந்தால், அதில் பிற்றை வைக்காதீர்கள். தொடவோ தட்டிப் பார்க்கவோ கூடாது. வெடிக்காத குண்டாக இருக்கலாம். வந்த வழியே திரும்பி, பிள்ளைகளையும் தள்ளி வைத்து, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவியுங்கள். பெற்றோல், டீசல் இருந்த பீப்பாவையும் துளையிடாதீர்கள். வெறுமையாகத் தெரிந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும்.

வீடு திரும்பக் கட்டலாம். கையும் கண்ணும் திரும்ப வராது. கவனமாகப் போய்ச் சேருங்கள்.