காசும் கானமும்

ஒரு பாடலை மக்கள் உண்மையாகவே விரும்புகின்றனரா என்பதை எவ்வாறு அறிவது? கைதட்டலைக் கொண்டு அறியலாம் என்பர் சிலர். கைதட்டுவதற்குச் செலவில்லை. தன் சட்டைப்பையிலுள்ள காசைக் கொடுத்து ஒருவன் ஒரு பாடலைக் கேட்பானாயின், அந்த விருப்பம் பொய்யாகாது. இந்த எளிய உண்மையின்மீது எழுந்ததே அமெரிக்க நாட்டின் ஜூக் பொக்ஸ் என்னும் காசுப் பாட்டுப்பெட்டி.

1889ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆந் திகதி, சான்பிரான்சிஸ்கோ நகரத்து மதுச்சாலை ஒன்றிலே இதன் கதை தொடங்குகின்றது. லூயி கிளாஸ், வில்லியம் ஆர்னல்ட் என்னும் இருவர், எடிசன் கண்ட பேசும் பொறியொன்றிற் காசு போடும் துளைகளையும், காதில் வைத்துக் கேட்கும் நான்கு குழாய்களையும் பொருத்தி அங்கே வைத்தனர். ஐந்து சதக் காசொன்றைப் போட்டவர் ஒரு குழாயிற் பாட்டுக் கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் அப்பொறி ஆயிரம் டொலருக்கு மேல் ஈட்டித் தந்தது. ஆயினும் அதில் இருந்தது ஒரே இசையுருளை. தெரிந்தெடுக்க வழியில்லாத இடத்தில் விருப்பத்தை அளப்பது எங்ஙனம்?

1927ஆம் ஆண்டளவில், வேண்டிய இசைத்தட்டைத் தெரிந்தெடுக்கக் கூடியனவும், மின்சாரத்தால் ஒலியைப் பெருக்குவனவுமான பெட்டிகள் வந்தன. ஒருவர் போட்ட காசுக்கு, கடையில் இருந்த அனைவரும் பாட்டுக் கேட்டனர். 1946இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற வேர்லிற்சர் பெட்டியில் 24 பாடல்கள் இருந்தன. 1948இல் சீபேர்க் நிறுவனம் 50 தட்டுகளின் இருபக்கமும் பாடவல்ல பெட்டியைச் செய்து, பாடல்களின் தொகையை 100 ஆக்கிற்று. 1955இல் அத்தொகை 200 ஆயிற்று. பாடல்கள் பெருகவே, எதனை வைப்பது, எதனை நீக்குவது என்ற வினாவும் பெருகிற்று.

அவ்வினாவுக்கு விடை பெட்டியின் உள்ளேயே இருந்தது. பல பெட்டிகளில், தட்டு ஒவ்வொன்றுக்கும் எண்கள் பொறித்த சிறு சில்லு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. தட்டு ஒருமுறை பாடினால் அச்சில்லு ஓர் எண் முன்னேறும். பெட்டியின் சொந்தக்காரர் பெரும்பாலும் கடைக்காரர் அல்லர். பல கடைகளிற் பெட்டிகளை வைத்து, வருவாயைக் கடைக்காரருடன் பங்கிட்டுக்கொள்ளும் வேறொருவர். அவரோ அவருடைய ஆளோ குறித்த நாளில் வந்து பெட்டியைத் திறப்பார். காசை எண்ணிய பின் சில்லுகளை நோக்குவார். அசையாது கிடந்த தட்டு அகற்றப்படும். அதன் இடத்திற் புதியது ஏறும். அடிக்கடி பாடிய தட்டு நிலைபெறும். ஊசி உராய்ந்து தேய்ந்திருப்பின், அதே பாடலின் புதுப்பிரதி வைக்கப்படும். பெயர்ச்சீட்டும் மாற்றப்படும். தொழிலாளர் கூடும் கடையில் ஓடாத தட்டு, மாணவர் கூடும் கடையில் ஓடுதலும் உண்டு. ஆகவே ஒவ்வோர் இடத்துக்கும் தனிக்கணக்கு வேண்டியிருந்தது.

இக்கணக்கினால் விளைந்த நன்மை சிறிதன்று. ஜூக் என்னும் சொல்லே, அமெரிக்காவின் தென்பகுதிக் கறுப்பின மக்கள் கூடி ஆடிப்பாடிய சிறு கடைகளிலிருந்து வந்ததாகும். அவர்களுடைய இசைக்கு அக்கால வானொலி நிலையங்கள் பலவற்றில் இடம் அரிதாயிருந்தது. காசுப்பெட்டியோ பாடியவரின் நிறத்தைக் கேட்கவில்லை. காசு விழுந்ததா என்று மட்டுமே கேட்டது. பில்போட் என்னும் வர்த்தக இதழ், காசுப்பெட்டிகளில் மிகுதியாகப் பாடிய தட்டுகளின் பட்டியலை 1944இல் வெளியிடத் தொடங்கியது. அடுத்த ஆண்டிற் கறுப்பின மக்களின் இசைக்கும் அத்தகையதொரு பட்டியல் பிறந்தது. ஒருவரும் கேளாதது போலிருந்த விருப்பம் எண்ணாக மாறிய பின், அதனைப் புறக்கணிப்பது எளிதன்று.

வானொலியும் இப்பெட்டியிடம் பாடங் கற்றது. ஒமாகா நகரில் வானொலி நிலையம் நடத்திய டொட் ஸ்டோர்ஸ் என்பவர், காசுப்பெட்டி முன்னே மக்கள் ஒரு சில பாடல்களையே திரும்பத் திரும்பக் கேட்பதைக் கவனித்து, தம் நிலையத்திலும் அம்முறையைக் கைக்கொண்டார் என்பர்.

ஆயினும் எண் கூறியது முழு உண்மையா? பெட்டியில் இல்லாத பாடலுக்கு ஒருவரும் காசு போட முடியாது. அதற்குக் கணக்கும் இல்லை. தட்டின் இருபக்கங்களில் எப்பக்கம் பாடிற்று என்பதைச் சில்லு பெரும்பாலும் வேறுபடுத்திக் காட்டவில்லை. பத்துப்பேர் ஒவ்வொரு முறை கேட்டதும், ஒருவரே பத்துமுறை கேட்டதும் அதற்கு ஒன்றே. சில நகரங்களில், எந்தக் கடையில் எவருடைய பெட்டி நிற்பது என்பதைக் குண்டர் கூட்டங்களே முடிவு செய்தன. அமெரிக்க மூதவைக் குழுவொன்று 1959இல் இதனை வெளிப்படையாக விசாரித்தது.

இவற்றினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. அந்நாட்டின் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் காசுப்பொறிகளுக்கு விலக்களித்திருந்தது. ஆகவே ஒரு பாடல் பெட்டியில் ஆயிரமுறை பாடினும், அவ்வாறு பாடியதற்காக அதனை இயற்றியவருக்கு ஒரு சதமும் சேரவில்லை. 1976இல் நிறைவேறிய புதிய சட்டம் 1978ஆம் ஆண்டு ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பின்னரே, பெட்டியொன்றுக்கு ஆண்டுக்கு எட்டு டொலர் கட்டணம் விதிக்கப்பட்டது. ஒவ்வொரு பாட்டையும் பிழையின்றி எண்ணிய அச்சில்லு, அதுவரை பாட்டைப் படைத்தவனுக்காக எண்ணவில்லை, பெட்டிக்காரனுக்காகவே எண்ணிற்று.

இன்று அந்தப் பழைய காசுப்பெட்டிகள் பல சேகரிப்போர் இல்லங்களில் அழகுப் பொருள்களாக நிற்கின்றன. எண்ணும் வேலையைக் கணினிகள் ஏற்றுள்ளன. எத்தனை இலட்சம் பேர் கேட்டனர் என்ற எண் ஒரு பாடலின் அருகே தோன்றும்பொழுது, அந்தப் பழைய சில்லை நினைவிற் கொள்ளுதல் நன்று. எண் பொய் சொல்லாதிருக்கலாம். ஆயினும் தேர்ந்தெடுக்க எவையெல்லாம் வைக்கப்பட்டன, அக்கணக்கின் பயன் யாருக்குச் சென்றது என்னும் இரு வினாக்களையும் கேட்ட பின்னரே அந்த எண்ணுக்குப் பொருள் உண்டாகும்.