நிறம் போனால் போதுமா?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியரான மருத்துவர்கள் சார்பில் ஆற்றிய உரை)



இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் வெள்ளைத் துணி வாங்கிச் சாயம் போடுவது எங்கள் காலத்து வழக்கம். மிஞ்சிய சாயத் தண்ணீரைக் கிணற்றடிக்குப் பின்னால் ஊற்றிவிட்டுப் போய்விடுவோம். ஒருநாள் இரசாயனவியல் ரீச்சர் அதைக் கண்டுவிட்டார். ஏசவில்லை. "கீழ சுண்ணாம்புக்கல் பிள்ளையள். இந்தத் தண்ணியைத்தான் நாளைக்கு அள்ளப்போறியள்" என்றார்.

அடுத்த பாடத்தில் ஒரு குடுவையில் எரிசோடாவும் குளுக்கோசும் கரைத்து, நுணுக்குக்காட்டிக்கென வைத்திருந்த மெதிலீன் நீலத்தில் சில துளி விட்டார். சற்று நேரத்தில் நீலம் மறைந்து தண்ணீர் தெளிந்தது. நாங்கள் கைதட்டினோம். மூடியை இறுக்கிக் குலுக்கினார். நீலம் திரும்பி வந்தது! சாயம் எங்கும் போகவில்லை. குளுக்கோசு அதை நிறமற்ற வடிவுக்கு மாற்றியிருந்தது. காற்றிலிருந்த ஒட்சிசன் பழையபடி ஆக்கிவிட்டது.

மருத்துவ பீடத்தில் அதே நீலத்தை மருந்தாகச் சந்தித்தோம். நைத்திரேற்று மிகுந்த கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடல் நீலம் பாரிக்கக்கூடும். உரமும் மலக்குழியும் கிணறும் அருகருகே உள்ள எங்கள் ஊருக்கு இது புதிய கதையல்ல. அதற்கு நாளத்தில் ஏற்றும் மருந்து மெதிலீன் நீலம். செங்குழியத்துக்குள் நிறமற்ற வடிவுக்கு மாறிய பிறகுதான் அது வேலையே செய்கிறது.

அப்படியானால் சாயத்தை உண்மையாகவே உடைப்பது எப்படி? 1972இல் யப்பானியரான ஃபுஜிஷிமாவும் ஹொண்டாவும் தைத்தேனியமீரொட்சைட்டில் ஒளி பட்டால் நீர் பிரிகையடைவதைக் காட்டினார்கள். வீட்டுப் பெயின்றிலும் பற்பசையிலும் இருக்கும் அதே வெள்ளைத் தூள்தான். புற ஊதா ஒளி பட்டதும் அதில் ஓர் இலத்திரன் கிளம்ப, அந்த இடம் வெற்றிடமாகும். இரண்டும் நீருடனும் ஒட்சிசனுடனும் தாக்கி மூலிகங்களை உண்டாக்கும். அவை சாய மூலக்கூறைத் துண்டு துண்டாக்கும். போதிய நேரம் கொடுத்தால் காபனீரொட்சைட்டு, நீர், சல்பேற்று, நைத்திரேற்று (இங்கேயும் அதுதான்!) என்று முடியும். தூள் கரையாது; வடித்தெடுத்துத் திரும்பப் பாவிக்கலாம். திண்ம ஊக்கியின் இலாபம் அதுதான். வெயிலில் புற ஊதாப் பங்கு கொஞ்சம் என்பதுதான் குறை.

இதற்கான தாது புல்மோட்டைக் கறுப்பு மணலில் இருக்கிறது. நாம் மணலை விற்றுவிட்டுத் தூளை வாங்குகிறோம்.

"போதிய நேரம்" என்றோம். எங்கள் கவலையும் அங்கேதான். இந்த ஆய்வுகளில் அடிக்கடி சோதிக்கப்படுவது இதே மெதிலீன் நீலம். நிறத்தை மட்டும் அளந்து 'சாயம் நீங்கியது' என்று எழுதுவதும் உண்டு. எஞ்சிய சேதனக் காபனையும் அளந்தால்தான் உண்மை தெரியும். அசோச் சாயங்கள் சில பாதியில் பிளந்தால் வரும் அமீன்கள் புற்றுநோயை உண்டாக்குபவை. சாயத் தொழிலாளரிடம் சலப்பைப் புற்றுநோயை லுட்விக் றேன் என்ற ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் 1895இலேயே எடுத்துச் சொன்னார்.

இல்லச் சாயத் தண்ணீரை இப்போது எங்கே ஊற்றுகிறீர்கள் என்று உயர்தர வகுப்புத் தங்கைமாரிடம் காலையில் கேட்டோம். "இப்ப றெடிமேட் ரீசேட்தான் அக்கா" என்று சிரித்தார்கள். ரீசேட்டுக்கும் எங்கோ ஓர் ஊரில் சாயம் போடத்தான் வேண்டும். திருப்பூரில் நொய்யல் ஆறு கெட்டு, 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் வரை போனது.

ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். தேநீர் முடிந்ததும் ஆய்வுகூடத்துக்கு வாருங்கள். குடுவை, குளுக்கோசு, நீலம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறோம். குலுக்குவது அவர்தான்.